டிரெய்னியா, அப்ரண்டிஸா? எர்ணாவூர் அம்மாவுக்குப் பதில்

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. மகன் பத்தாம் வகுப்புக்குப் பிறகு ஐ.டி.ஐ.யில் இரண்டு ஆண்டு ஃபிட்டர் முடித்திருக்கிறான். கையில் இரண்டு அழைப்புகள். மணலிப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் டிரெய்னியாகச் சேர்ந்தால் மாதம் 14,000 ரூபாய். இன்னொரு நிறுவனத்தில் அப்ரண்டிஸாகச் சேர்ந்தால் 9,500 ரூபாய். இதற்கிடையில் உங்கள் அண்ணன், இரண்டும் வேண்டாம், தபால் வழியில் ஒரு பி.ஏ. படிக்கட்டும், டிகிரி இருந்தால்தான் நாளைக்குப் பெண் கொடுப்பார்கள் என்கிறார். திங்கட்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும் என்று தவிக்கிறீர்கள்.

பெண் கொடுப்பது பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. மற்றதைச் சொல்கிறேன்.

இரண்டு தொகைக்கும் உள்ள 4,500 ரூபாய் வித்தியாசம் சிறியதல்ல. உங்கள் வீட்டில் அது ஒரு மாத வாடகையாகக்கூட இருக்கலாம். ஆனாலும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி வேறு: ஓராண்டு முடிந்ததும் பையன் கையில் என்ன தாள் இருக்கும், அதில் யார் கையெழுத்து போட்டிருப்பார்கள்? கம்பெனி தன் லெட்டர்ஹெட்டில் ‘எங்களிடம் பயிற்சி பெற்றார், நன்னடத்தை உடையவர்’ என்று எழுதித் தருவதற்கு அந்தக் கம்பெனியின் பெயரைத் தெரிந்தவர்களிடம் மட்டுமே மதிப்பு. அடுத்த தொழிற்சாலையில் மறுபடியும் டிரெய்னி என்றுதான் ஆரம்பிக்கச் சொல்வார்கள். இப்படியே மூன்று நான்கு கம்பெனிகளில் டிரெய்னியாகவே இருந்து முப்பது வயதைத் தொட்ட இளைஞர்கள் திருவொற்றியூரிலும் மாதவரத்திலும் நிறைய இருக்கிறார்கள். வேலையில் கெட்டிக்காரர்கள்; காட்டுவதற்குத் தாள் கிடையாது.

அப்ரண்டிஸ் என்பது 1961ஆம் ஆண்டின் பழகுநர் சட்டத்தின் கீழ் வருவது. நிறுவனமும் பையனும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவார்கள். அது அரசின் இணையதளத்தில் பதிவாகி ஓர் எண் கிடைக்கும். பயிற்சியின் முடிவில் அகில இந்தியத் தொழில் தேர்வு. தேறினால் தேசியப் பழகுநர் சான்றிதழ். ஐ.டி.ஐ.யில் வாங்கிய தேசியத் தொழிற்சான்றிதழுக்கு மேல் இது இன்னொரு படி. கற்றுக்கொடுத்தது நிறுவனம், சான்று தருவது நிறுவனத்துக்கு வெளியே இருக்கும் ஓர் அமைப்பு. அதனால்தான் அந்தத் தாள் ஓசூரிலும் செல்லும், புனேயிலும் செல்லும்.

‘அப்ரண்டிஸ்’ என்று சொல்கிறவர்கள் எல்லோரும் இந்தச் சட்டப்படி எடுப்பதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். பெயரை மட்டும் வைத்துக்கொண்டு, ஒப்பந்தத்தைப் பதிவு செய்யாமல், குறைந்த சம்பளத்துக்கு ஆள் பிடிக்கிற இடங்களும் உண்டு. ஆகவே அந்த 9,500 ரூபாய் நிறுவனத்திடம் பதிவு எண் எப்போது கிடைக்கும், எந்த டிரேடின் (தொழிற்பிரிவின்) பெயரில் பதிவு செய்கிறீர்கள், முடிவில் சான்றிதழ் தருவது யார் என்று கேளுங்கள். சட்டத்தில் டிரேடுகள் இரண்டு வகை. அரசு அட்டவணையிட்டவை ஒரு வகை. ஃபிட்டர் அதில் வரும். நிறுவனமே பாடத்திட்டம் வகுத்துக்கொள்ளும் விருப்ப டிரேடுகள் இன்னொரு வகை. இரண்டாவது வகை மோசம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அதன் சான்றிதழ் வேறு. ஃபிட்டர் படித்த பையனை அதில் போட்டால் நீங்கள் எதிர்பார்க்கும் தாள் வராது.

ஸ்டைபண்ட், அதாவது பயிற்சிக்கால உதவித்தொகை பற்றி நீளமாக எழுதத் தேவையில்லை. 2019இல் திருத்திய விதிகள் குறைந்தபட்சத் தொகையைப் படிப்புக்கு ஏற்ப 5,000 முதல் 9,000 ரூபாய் வரை வைத்தன. உங்களுக்குச் சொன்ன தொகை அந்தக் கணக்குக்குக் குறைவில்லை; இப்போதைய குறைந்தபட்சம் என்ன என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். பயிற்சியின்போது அடிபட்டால் இழப்பீடு உண்டு. ஆனால் பயிற்சி முடிந்ததும் வேலை தர வேண்டும் என்று சட்டம் நிறுவனத்தைக் கட்டாயப்படுத்தவில்லை. ‘ஒரு வருஷத்தில் பெர்மனென்ட்’ என்று யாராவது வாயால் சொன்னால் நம்பிவிடாதீர்கள்.

இனி, பலரும் கவனிக்காமல் விடுகிற விஷயத்துக்கு வருகிறேன். ஒரு முறை அப்ரண்டிஸ் முடித்தவரை இன்னொரு இடத்தில் பெரும்பாலும் மறுபடியும் எடுக்க மாட்டார்கள். பல பொதுத்துறை நிறுவனங்களின் அறிவிப்பில், ஓராண்டோ அதற்கு மேலோ வேலை அனுபவம் உள்ளவர்கள் விண்ணப்பிக்கக் கூடாது என்றும் இருக்கும். ஆக, 14,000 ரூபாய்க்கு ஒரு வருடம் போய்விட்டு அப்புறம் அப்ரண்டிஸ் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தால் சில கதவுகள் அதற்குள் மூடியிருக்கும். அதே காரணத்தால்தான் 9,500 ரூபாய் நிறுவனத்துக்கும் உடனே தலையாட்டாதீர்கள் என்கிறேன். பெரம்பூரில் ரயில் பெட்டி செய்யும் ஐ.சி.எஃப். இருக்கிறது, ரயில்வேயின் கேரேஜ் ஒர்க்ஸ், லோகோ ஒர்க்ஸ் இருக்கின்றன. ரயில்வே அப்ரண்டிஸுக்கு எழுத்துத் தேர்வு கிடையாது, மதிப்பெண்ணைப் பார்த்துத்தான் எடுக்கிறார்கள். ரயில்வேயில் பயிற்சி முடித்துச் சான்றிதழ் வாங்கியவர்களுக்கு லெவல் 1 என்னும் கடைநிலைப் பணியிடங்களில் 20 சதவீதம் ஒதுக்கீடு உண்டு. அப்போதும் பணித் தேர்வை எழுதித்தான் ஆக வேண்டும். ஆனாலும் போட்டியிடும் கூட்டம் சிறியது. பையனின் பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணை நீங்கள் எழுதவில்லை. அது நன்றாக இருந்தால், கிடைக்கிற ஒரே வாய்ப்பைத் தனியார் நிறுவனத்தில் செலவழிக்காமல் ஐ.சி.எஃப். அறிவிப்புக்குச் சில மாதம் காத்திருக்கச் சொல்வேன். சுமாரான மதிப்பெண் என்றால் காத்திருப்பதில் பயனில்லை, இந்த நிறுவனத்திலேயே சேரட்டும்.

அண்ணன் சொல்லும் டிகிரிக்கு வருகிறேன். படிப்பு வேண்டும் என்று அவர் நினைப்பது சரிதான். வழியைத்தான் தப்பாகச் சொல்கிறார். பிளஸ் டூவோ அதற்கு இணையான படிப்போ இல்லாமல் பெறும் பட்டம் அரசு வேலைக்குச் செல்லாது. பத்து, பிறகு இரண்டு, பிறகு மூன்று என்ற வரிசை வேண்டும். உங்கள் மகனுக்கு அந்த நடு இரண்டு இல்லை என்று நினைக்கிறீர்கள். தமிழ்நாட்டில் அதற்கு வழி இருக்கிறது. பத்தாம் வகுப்புக்குப் பிறகு இரண்டு ஆண்டு ஐ.டி.ஐ. முடித்தவர்கள், பன்னிரண்டாம் வகுப்பின் தமிழ், ஆங்கிலத் தாள்களை மட்டும் எழுதித் தேறினால் பிளஸ் டூவுக்கு இணையான சான்று பெறலாம். இயற்பியலும் கணக்கும் எழுத வேண்டியதில்லை. அவன் படித்த ஐ.டி.ஐ. அலுவலகத்திலேயே விவரம் சொல்வார்கள். அப்ரண்டிஸாக இருந்துகொண்டே இரவில் படித்து எழுதிவிடலாம். ஆங்கிலத் தாளுக்கு மட்டும் யாரிடமாவது டியூஷன் வையுங்கள்.

பி.ஏ.வை விட அவனுக்குப் பொருந்துவது டிப்ளமோ என்பது என் கருத்து. ஐ.டி.ஐ. முடித்தவர்கள் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டு சேரலாம். டிப்ளமோ முடித்தால் பி.இ.யிலும் நேரடி இரண்டாம் ஆண்டு. வேலை பார்த்துக்கொண்டே படிப்பவர்களுக்கு வசதியான நேரத்தில் வகுப்பு நடத்தவும் சில கல்லூரிகளுக்கு அனுமதி கிடைத்திருக்கிறது. டி.என்.பி.எஸ்.சி.யிலும் டிப்ளமோ, ஐ.டி.ஐ. முடித்தவர்களுக்கென்றே ஒருங்கிணைந்த தொழில்நுட்பப் பணிகள் தேர்வு வந்துவிட்டது. கற்றுக்கொடுப்பதில் ஆசை இருந்தால் கிண்டியில் உள்ள தேசியத் திறன் பயிற்சி நிலையத்தில் ஓராண்டுப் பயிற்றுநர் படிப்பு இருக்கிறது. அதற்குப் பழகுநர் சான்றிதழும் ஒரு தகுதி.

இணையத்தில் யாரோ ‘கம்பெனி டிரெய்னிங்கே கிரெடிட்டாக மாறிவிடும்’ என்று சொன்னதாகவும் எழுதியிருக்கிறீர்கள். 2023இல் வந்த தேசியக் கிரெடிட் கட்டமைப்பைத்தான் சொல்கிறார்கள். கிரெடிட் என்பது படிப்புக் கணக்கில் சேரும் கற்றல் அலகு. 30 மணி நேரக் கற்றலுக்கு ஒரு கிரெடிட், ஆண்டுக்கு 1,200 மணி நேரம் என்றால் 40 கிரெடிட். பள்ளி, தொழிற்பயிற்சி, வேலையிடப் பயிற்சி எல்லாவற்றுக்கும் ஒரே கணக்கு. நல்ல ஏற்பாடுதான். ஆனால் மதிப்பீடு செய்யப்பட்ட பயிற்சிக்குத்தான் கிரெடிட் வரும். அதை ஏற்றுக்கொள்ள ஒரு கல்லூரியும் வேண்டும். எந்தக் கல்லூரி, எத்தனை கிரெடிட் என்று எழுத்தில் தந்தால் பார்க்கலாம். அதுவரை இதை நம்பி 14,000 ரூபாய் இடத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டாம்.

கடிதத்தின் கடைசியில் உங்கள் கணவர் காசிமேட்டில் படகு வெல்டிங் செய்கிறார், சான்றிதழ் ஒன்றும் இல்லை என்று ஒரு வரி எழுதியிருந்தீர்கள். நீங்கள் கேட்கவில்லை; ஆனாலும் சொல்கிறேன். 21 வயது முடிந்து, தொழிலில் 3 ஆண்டு அனுபவம் இருப்பவர்கள், ஐ.டி.ஐ.யில் படிக்காமலே அகில இந்தியத் தொழில் தேர்வைத் தனித்தேர்வராக எழுதலாம். வெல்டருக்கு எட்டாம் வகுப்பு போதும். வேலை கொடுத்தவர் அனுபவச் சான்று தர வேண்டும். பலருக்கு அங்கேதான் இடிக்கிறது. ரசீது, பில் எதுவும் இல்லாத பட்டறை என்றால் சான்று வாங்குவது சிரமம். முறையாக நடக்கும் பட்டறை என்றால் உரிமையாளரிடம் இப்போதே கேட்டு வைக்கட்டும். ஆண்டுக்கு ஒரு முறை விண்ணப்பம் கோருவார்கள். வட சென்னை அரசு ஐ.டி.ஐ.யில் விசாரிக்கலாம்.

திங்கட்கிழமைக்கு முன், சனிக்கிழமையே இரண்டு நிறுவனங்களுக்கும் போன் செய்யுங்கள். மணலியில் கேட்க வேண்டியது: பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. பிடிப்பீர்களா, சம்பளம் உங்கள் கணக்கிலிருந்து வருமா, காண்ட்ராக்டர் கணக்கிலிருந்து வருமா? ஆபத்தான தொழில்களில் பயிற்சிக்கு 18 வயது நிரம்பியிருக்க வேண்டும் என்பதையும் மனதில் வையுங்கள். மகனுக்கு நவம்பரில்தான் 18 என்று எழுதியிருக்கிறீர்கள். அதற்கு முன் அப்ரண்டிஸ் ஒப்பந்தம் போட்டால் அவனுக்காகக் காப்பாளர் கையெழுத்திட வேண்டும். நீங்களோ அவன் அப்பாவோ நேரில் போய், டிரேடு என்ற இடத்தில் ஃபிட்டர் என்று எழுதியிருக்கிறதா என்று பார்த்த பிறகு பேனாவை எடுங்கள்.