கண்குழி எலும்பு அறுவைக்குப் பின் பார்வை

கேள்வி: இருசக்கர வாகன விபத்தில் என் தம்பிக்குக் கண்குழியின் அடித்தள எலும்பு முறிந்து, டைட்டானியம் வலை வைக்க இருக்கிறார்கள். பார்வை போய்விடுமா?
— வாசகி, பாலக்கோடு, தருமபுரி மாவட்டம்

பதில்: இந்த அறுவையால் பார்வை இழப்பது அரிது, ஆனால் நேரும்போது மிக விரைவாக நேர்கிறது. கண்குழி எலும்புச் சுவர்களால் அடைபட்ட இடம் என்பதால், அறுவைக்குப் பின் கண்ணுக்குப் பின்புறம் இரத்தம் கசிந்தால் அழுத்தம் உயர்ந்து, பார்வை நரம்புக்கும் விழித்திரைக்கும் செல்லும் இரத்த ஓட்டம் தடைபடும். சுமார் 90 முதல் 120 நிமிடங்களுக்குள் அழுத்தத்தைக் குறைக்காவிட்டால் இழந்த பார்வை பெரும்பாலும் திரும்புவதில்லை. கடும் வலி, கண் கல்போல் இறுகிப் பிதுங்குதல், பார்வை மங்குதல், வாந்தி ஆகியவை எச்சரிக்கைகள். அப்போது ஸ்கேன் எடுக்கக்கூடக் காத்திராமல், மருத்துவர் கண்ணின் வெளி ஓரத்தில் சிறு வெட்டுப்போட்டு அழுத்தத்தைத் தணிப்பார்.

எனவே அன்றிரவே பாலக்கோட்டுக்குத் திரும்ப அவசரப்பட வேண்டாம். மருத்துவமனையிலேயே தங்கி, கண்ணைத் திறந்து விரல்களை எண்ணச் சொல்லிச் செவிலியர் அடிக்கடி சோதிக்கிறாரா என்று கவனியுங்கள். இதை வற்புறுத்திக் கேட்பது உங்கள் உரிமை. இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை உட்கொண்டால் முன்பே சொல்லிவிட வேண்டும். மூக்கைச் சிந்தக் கூடாது. வீக்கத்தால் சில நாள் இரட்டையாகத் தெரிவது வழக்கமே; பார்வை மங்குவது அப்படியல்ல, உடனே மருத்துவரை அழைக்க வேண்டும்.