சிறு தொழில் வகைப்பாடு: கேட்டவையும் சொன்னவையும்

கேள்வி: 12 பேர் வேலை பார்க்கிறார்கள். நான் குறுந்தொழிலா, சிறு தொழிலா?

எந்த நாட்டில் என்று சொல்லவில்லையே. ஐரோப்பிய ஒன்றியத்தில் 10 பேருக்குக் கீழ் குறு, 50க்குக் கீழ் சிறு, 250க்குக் கீழ் நடுத்தரம். கூடவே பண வரம்பும் உண்டு. இந்தியாவில் தலையை எண்ணுவதே இல்லை, முதலீடும் விற்றுமுதலும்தான், அதாவது வருட விற்பனை. 2025 ஏப்ரல் முதல் முதலீடு 2.5 கோடி, விற்றுமுதல் 10 கோடி ரூபாய் வரை குறு. ஆக, அங்கே சிறு ஆன நீங்கள் இங்கே குறுவாக இருக்கலாம்.

கேள்வி: பக்கத்து அச்சகத்திலும் என்னுடைய அதே இயந்திரம்தான். அவருக்கு லாபம், எனக்கு இல்லை. ஏன்?

போன மாதம் செய்த ஒரு வேலையை எடுங்கள். எத்தனை தாள் போனது, எத்தனை வீணானது, வெட்டும் இயந்திரத்துக்காக எவ்வளவு நேரம் காத்துக் கிடந்தது, பில் போட்ட தேதிக்கும் பணம் வந்த தேதிக்கும் எத்தனை நாள்? இதில் எதையும் எழுதி வைக்கவில்லை என்றால் வித்தியாசம் பெரும்பாலும் அங்கேதான். ஒரு ஆய்வில் மும்பை அருகே நெசவாலைகளுக்கு ஆலோசகர்களை அனுப்பி, தரம், இருப்பு, பராமரிப்பு என்று தினசரிப் பழக்கங்களை மாற்றியதில் முதல் வருடமே உற்பத்தித் திறன் 17 சதவீதம் கூடியது. அவை சில நூறு பேர் வேலை பார்த்த ஆலைகள், அதனால் அந்த எண்ணை அப்படியே உங்கள் தலையில் கட்ட மாட்டேன். அப்புறம், உங்கள் சம்பளத்தைச் செலவில் எழுதாமல் லாபம் என்று சொல்லாதீர்கள்.

கேள்வி: சிறு தொழில்கள்தானே அதிக வேலை தருகின்றன?

அமெரிக்கத் தரவில் நிறுவனத்தின் வயதையும் சேர்த்துப் பார்த்தபோது, அதன் அளவுக்கும் வேலை வளர்ச்சிக்கும் இருந்த தொடர்பு காணாமல் போனது. வேலையைக் கூட்டுவது இளம் நிறுவனங்கள். அதிகமாக மூடப்படுவதும் அவைதான்.

கேள்வி: புதிது எல்லாம் சின்னதுதானே? வார்த்தை விளையாட்டு!

சரி, புதிது பெரும்பாலும் சின்னது. ஆனால் 20 வருடமாக 4 பேரோடு ஓடும் கடையும் சின்னதுதானே? இரண்டையும் ஒரே பெட்டியில் போட்டுச் சராசரி எடுத்தால் இரண்டைப் பற்றியும் தப்பாகத்தான் தெரியும்.

கேள்வி: அந்த 4 பேர் கடை தோல்விதானே?

அவர் வளர ஆசைப்பட்டாரா என்று கேட்டீர்களா? பலர் ஆசைப்படுவதே இல்லை.

கேள்வி: மாதம் 3 லட்சம் லாபம், 8 பேர். நான் எந்த வகை?

முதல் பதிலைப் பாருங்கள். அந்த லாபத்தில், உங்கள் சம்பளத்தைச் செலவில் எழுதினீர்களா?