துவர்ப்பு என்றொரு சொல்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நான் புனேயில் மென்பொருள் துறையில் பணிபுரிகிறேன். சென்ற பிப்ரவரியில் கல்லூரி நண்பர்கள் ஐவர் என் காரில் நாசிக் சென்று, இரண்டு நாட்கள் திராட்சைத் தோட்டங்களில் ஒயின் சுவைக்கத் திட்டமிட்டோம். அப்பயணத்தில் நான் கற்ற ஏழு வாழ்க்கைப் பாடங்களைத் தனியே இணைத்திருக்கிறேன். ஒயினைப் போல நட்பும் நாள்பட நாள்பட மேம்படும் என்பதே முதற்பாடம். ஆனால் எங்களில் மது அருந்தாத ஒருவன், இரண்டாம் நாள் காலையில் எவரிடமும் சொல்லிக்கொள்ளாமல் பேருந்தேறிப் போய்விட்டான். இன்றுவரை பேசவில்லை. நான் முதலில் பேச வேண்டுமா, அவனே பேசட்டும் என்று காத்திருக்க வேண்டுமா?

க.

அன்புள்ள க.,

உங்கள் ஏழு பாடங்களையும் படித்தேன். நான்கு பக்கங்களில் ஓரிடத்தில்கூட, நீங்கள் குடித்த ஒயின் எப்படி இருந்தது என்று ஒரு வரி இல்லை. சுவைப்பதற்கென்றே ஊர்விட்டு ஊர் போன ஒருவர், அது புளித்ததா, துவர்த்ததா, எந்தப் பழத்தை நினைவுக்குக் கொண்டுவந்தது என்பதையெல்லாம் விட்டுவிட்டுப் பொறுமையைப் பற்றியும் குழு மனப்பான்மையைப் பற்றியும் எழுதினால் எனக்குக் கோபம்தான் வருகிறது. நாக்கில் ஈரம் காய்வதற்குள் எல்லாவற்றையும் பாடமாக்கிவிடும் இந்த அவசரம் உங்களுக்கு அலுவலகத்திலிருந்து வந்திருக்க வேண்டும்.

உங்கள் முதற்பாடம் உண்மையும் அல்ல. உலகில் வடிக்கப்படும் ஒயினில் பெரும்பகுதி சில ஆண்டுகளுக்குள் குடித்துவிடுவதற்கானது. வைத்திருந்தால் கெட்டுத்தான் போகும். நாள்படத் தாங்குபவை சிலவே. சிவப்பு ஒயினில் அந்தத் தாங்குதிறனுக்குப் புளிப்போடு பெரும்பங்கு அளிப்பது, திராட்சைத் தோலிலும் விதையிலும் இருக்கும் டானின் என்ற பொருள். மற்ற ஆறு பாடங்களை விட்டுவிடுகிறேன், அவற்றை எந்தப் பயணத்திலும் எழுதியிருக்கலாம். டானினைப் பற்றி மட்டும் சொல்ல வேண்டும், ஏனென்றால் சில மாதங்களாக நான் அதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

வெள்ளை ஒயினுக்குச் சாற்றைப் பிழிந்து தோலை நீக்கிவிட்டு நொதிக்க வைக்கிறார்கள். சிவப்பு ஒயின் தோலோடும் விதையோடும் சேர்ந்தே நொதிக்கிறது. ஆகவே நிறமும் டானினும் சாற்றில் இறங்குகின்றன. டானின் உமிழ்நீரிலுள்ள புரதங்களைப் பற்றித் திரளச் செய்வதால் வாயின் வழுவழுப்பு போய் நாக்கு இழுக்கிறது. ஆங்கிலத்தில் இதற்கு ஒரு நூற்சொல் உண்டு, அடுப்படியில் புழங்கும் சொல் இல்லை. நமக்கோ அறுசுவையில் ஒன்றாகவே அது இருக்கிறது. வாழைப்பூ, நாவற்பழம், கொட்டைப்பாக்கு, கடுக்காய் என்று குழந்தையிலிருந்தே துவர்ப்பை அறிந்த நாக்கு நம்முடையது. துவர் என்ற சொல்லுக்குச் சிவப்பு என்றும் பொருள் உண்டு. துவராடை என்றால் காவி ஆடை. ஒரே தோலிலிருந்து இறங்கும் நிறத்தையும் சுவையையும் ஒரே சொல்லுக்குள் வைத்திருக்கும் மொழிக்காரர்கள், சுவைக்கூடத்தில் 'ஸ்மூத்', 'ஸ்ட்ராங்' என்று இரண்டே சொற்களோடு நிற்கிறோம்.

சொல்லைக் கடன் வாங்குவதில் நாம் மட்டும் மோசமில்லை. பிரான்சின் போர்தோவில் நடந்து 2001இல் வெளியான ஓர் ஆய்வில், வெள்ளை ஒயினில் மணமற்ற சிவப்புச் சாயத்தைக் கலந்து கொடுத்தபோது, ஒயின் கல்வி பயின்ற 54 மாணவர்கள் அதன் மணத்தைப் பெரும்பாலும் சிவப்பு ஒயினுக்குரிய சொற்களாலேயே விவரித்தார்கள். கண் கொடுத்த சொல்லை மூக்கு மறுபேச்சின்றி ஏற்றுக்கொண்டது.

பல ஆண்டுகளுக்கு முன் நானும் மூன்று நண்பர்களும் இதே நாசிக்குக்குப் போனோம். அங்கே செப்டம்பர், அக்டோபரில் கவாத்து செய்து, ஜனவரி முதல் மார்ச் வரை அறுவடை செய்வார்கள். நாங்கள் போனது ஜனவரிக் கடைசி. சுவைக்கூடத்து இளைஞர் டானினைப் பற்றி மூன்று முறை விளக்கியும், மும்மூன்று கோப்பை குடித்திருந்த எங்களுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. எங்களோடு வந்தவர்களில் ஒருவர் கம்பம் பள்ளத்தாக்கைச் சேர்ந்த தமிழாசிரியர், வாழ்நாளில் மதுவைத் தொடாதவர். சுவைத்துவிட்டுத் துப்புவதற்கு அங்கே வாளி இருப்பதைக் கண்டதும், ஒரு வாய் வாங்கி, கண்ணை மூடிச் சற்று வைத்திருந்து, துப்பினார். "துவர்க்கிறது. கடைசியில், ஈறுக்கு மேலே" என்றார். பிறகு தோட்டத்துக் கொடியிலிருந்து ஒரு பழத்தைக் கேட்டு வாங்கி, சதையை விழுங்கிவிட்டுத் தோலையும் விதையையும் மட்டும் நெடுநேரம் மென்று, "இதுதான் அது" என்று எங்கள் மூவரின் கையிலும் ஆளுக்கொரு பழத்தை வைத்தார். அன்று நாங்கள் உண்மையில் சுவைத்தது அந்த ஒன்றைத்தான்.

அவரை வண்டி ஓட்டுவதற்கு ஆள் வேண்டும் என்றுதான் அழைத்துச் சென்றிருந்தோம். இதை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது. அவர் இதை அறிந்திருந்தாரா என்று நான் கேட்டதில்லை. இப்போது கேட்பதற்கு அவரும் இல்லை.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். இன்றே பேசுங்கள், இதற்கு என்னிடம் கேட்டிருக்கவே வேண்டாம். பேசுவதற்கு முன் உங்கள் கடிதத்தில் இல்லாத ஒன்றை மட்டும் நினைவுபடுத்திக்கொள்ளுங்கள்: முதல் நாள் முழுவதும் உங்கள் காரை ஓட்டியது யார்?