புருவத்துக்கு லேசர் பண்ணும்போது கண்ணை மூடிக்கிட்டா போதுமா?

புருவத்துக்குக் கீழ முடி எடுக்க லேசர் பண்ணேன், கண்ணுக்கு எதுவும் வெக்காம சும்மா மூடிக்கச் சொன்னாங்க, ரெண்டு நாளா வெளிச்சம் கூசுது, தானா சரியாயிடுமா, அடுத்த சிட்டிங் போலாமான்னு கேட்டிருக்கீங்க. மத்ததெல்லாம் அப்பறம், முதல்ல இன்னைக்கே ஒரு கண் டாக்டரைப் பாருங்க. லேசர் பண்ண இடத்துக்குப் போக வேண்டாம், கண் டாக்டர்கிட்ட போங்க. இவ்ளோ அவசரப்படுத்தறேன்னா காரணம் இருக்கு, எனக்கு நடந்ததும் அச்சு அசலா இதேதான், நான் அஞ்சு நாள் சும்மா இருந்துட்டேன்.

நாலு வருஷம் முன்னாடி மேல் உதட்டுக்கும் தாடைக்கும் லேசர் எடுத்துட்டு இருந்தேன். ரெண்டு சிட்டிங் ஒரு பிரச்சினையும் இல்ல, கண்ணு மேல கருப்பா கப்பு மாதிரி ஒண்ணு மாட்டிவிட்டுதான் பண்ணாங்க. மூணாவது தடவை புருவத்துக்குக் கீழயும் சேர்த்துப் பண்ணிடலாமான்னு நானே கேட்டேன், அந்தப் பொண்ணு கப்பை எடுத்து ஓரமா வெச்சுட்டு "அக்கா கண்ணை நல்லா இறுக்கி மூடிக்கோங்க, ரெண்டே நிமிஷம்"னு சொன்னா. ஒவ்வொரு ஷாட்டுக்கும் மூடின இமைக்குள்ள பளீர்னு மின்னல் வெட்டின மாதிரி தெரிஞ்சுது. வெளிச்சம் தெரியுதுன்னா அது உள்ள போகுதுன்னுதானே அர்த்தம், அந்த நேரத்துல எனக்குத் தோணல. அன்னைக்கு ராத்திரி இடது கண்ணு சிவந்து, ட்யூப்லைட்டைப் பாக்க முடியல, உள்ளுக்குள்ள கடுகடுன்னு வலி. போன் பண்ணிக் கேட்டதுக்கு சூடுதான், ஐஸ் வைங்கன்னாங்க, நானும் வெச்சேன். ஆறாவது நாள் தலை சீவும்போதுதான் கவனிச்சேன், இடது கண்ணோட பாப்பா வட்டமா இல்ல, மேல் பக்கம் யாரோ பிடிச்சு இழுத்த மாதிரி நீண்டு இருந்துச்சு.

கண் டாக்டர் ஸ்லிட் லேம்ப்ல, அதாவது கண்ணைப் பெருசாக்கிப் பாக்கற கருவியில பாத்துட்டு ஐரைட்டிஸ்னு சொன்னார், அதாவது பாப்பாவைச் சுத்தி இருக்கற ஐரிஸ்ல அழற்சி. மேல் பக்கம் ஐரிஸ் வெந்து மெலிஞ்சிருந்துது, அது போதாதுன்னு, ஐரிஸ் பின்னாடி இருக்கற லென்ஸோட ஒட்டிக்க ஆரம்பிச்சிருந்துது. ஸ்டீராய்டு சொட்டு, பாப்பாவை விரிக்கற சொட்டுன்னு ஆறு வாரம் ஓடிச்சு. ஒட்டினது விட்டுச்சு, ஆனா மெலிஞ்ச ஐரிஸ் திரும்ப வளராதுன்னு அன்னைக்கே தெளிவா சொல்லிட்டார். (சொட்டு மருந்து பேரை வேணும்னேதான் எழுதல, ஸ்டீராய்டை நாமளா வாங்கிப் போட்டா கண் அழுத்தம் ஏறிடும்.)

மூடின கண்ணுக்கு எப்படி இது நடந்துச்சுன்னு அவர்கிட்டயே கேட்டேன். கைக்குழந்தை தூங்கும்போது சில சமயம் இமை பாதி திறந்திருக்கும், உள்ள வெள்ளை மட்டும்தான் தெரியும், பாத்திருப்பீங்க. கண்ணை மூடினா விழி தானா மேல சுழலும், பெல்ஸ் பினாமினன்னு பேரு. இறுக்கி மூடச் சொன்னா என்ன ஆகுது, ஐரிஸும் பாப்பாவும் நேரா புருவத்துக்கு அடியில, லேசர் படற இடத்துக்கே வந்து நிக்குது. முடி எடுக்கற லேசர் தேடறது மெலனின்ங்கற நிறமியை. அது முடி வேர்ல இருக்கு, ஐரிஸ்லயும் நிறைய இருக்கு, மெஷினுக்கு ரெண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. இமைத்தோல் 1 மில்லிமீட்டர் கூட கனம் கிடையாது, தோலுக்குள்ள சில மில்லிமீட்டர் இறங்கி வேரைச் சுடற வெளிச்சத்தை அது எங்க தடுக்கப் போகுது.

இதை விட மோசம் ரெட்டினால, அதாவது கண்ணுக்குப் பின்னாடி பிம்பம் விழற திரையில படறது. அலைநீளம் சுமார் 400ல இருந்து 1400 நானோமீட்டர் வரைக்கும் உள்ள வெளிச்சத்தை கண்ணோட லென்ஸ் குவிச்சு ரெட்டினால ஒரு புள்ளியில கொண்டு போய்ச் சேர்க்கும், கிட்டத்தட்ட 1 லட்சம் மடங்கு செறிவா. முடி எடுக்கற அலெக்ஸாண்ட்ரைட் 755, டையோடு 810 பக்கம், முடிக்கும் டாட்டூ அழிக்கவும் பயன்படற என்டி யாக் 1064, எல்லாமே அதுக்குள்ளதான் வருது. 1064 கண்ணுக்கே தெரியாது. இமைச்சுக்கலாம்னு நினைச்சா இமைக்கவே கால் செகண்டு ஆகும், லேசர் ஷாட்டு மில்லி செகண்டுல முடிஞ்சிடும், டாட்டூ லேசர் நானோ செகண்டு. ரெட்டினாவுக்கு வலி தெரியாதுங்கறதுதான் எனக்கு ரொம்பப் பயமா இருக்கற விஷயம், நடுவுல ஓட்டையே விழுந்திருந்தாலும் வலிக்காது, எழுத்துக்கு நடுவுல கருப்பா ஒரு புள்ளி, கதவு ஓரம் வளைஞ்சு தெரியறது, அவ்ளோதான் அறிகுறி. அதனால ஒரு கண்ணை மூடி மத்த கண்ணால ஒரு நேர்கோட்டைப் பாருங்க, அப்பறம் மாத்திப் பாருங்க, ரெண்டு கண்ணும் திறந்திருந்தா நல்ல கண்ணு குறையை மறைச்சிடும். தழும்புக்குப் பண்ற சிஓ2 லேசர் வேற ரகம், அது 10,600, கண்ணோட மேல்பரப்புத் தண்ணியிலயே நின்னு கார்னியாவை, அதாவது கண்ணோட முன்பக்கக் கண்ணாடிப் படலத்தைச் சுடும், அது வலிக்கும், அதனால ஆளுங்க உடனே டாக்டர்கிட்ட ஓடிடறாங்க. ஐபிஎல்னு பளீர்னு வெளிச்சம் அடிச்சு முடி எடுக்கற மெஷின் ஒண்ணு இருக்கு, அது லேசரே இல்லம்மா, வெறும் லைட்டுன்னு சொல்வாங்க, அதையும் நம்ப வேண்டாம், ஐரிஸுக்கு அதுவும் அதே கேடுதான்.

அடுத்த சிட்டிங் பத்தி கேட்டீங்க. கண்ணைச் சுத்தி விரல் வெச்சுப் பாத்தா எலும்பு வளையம் தட்டுப்படும், அந்த வளையத்துக்குள்ள முடி எடுக்க லேசரே வேண்டாம்ங்கறது என் முடிவு, த்ரெட்டிங் போதும். கண்ணு கிட்ட வேற ஏதாவது சிகிச்சைக்காக லேசர் பண்ணியே ஆகணும்னா, டாக்டர் மரப்பு சொட்டு விட்டு, கான்டாக்ட் லென்ஸ் மாதிரி ஒரு உலோகக் கவசத்தை இமைக்குள்ளயே வெச்சுட்டுதான் பண்ணணும். முகத்துல வேற இடம்னா வெளிச்சமே புகாத கவசம் போதும், ஆனா அது மூக்கோரம் இடைவெளி இல்லாம பொருந்தணும். மெஷினைப் பிடிக்கறவங்க போடற கண்ணாடியில அலைநீள எண் அச்சடிச்சிருக்கும், அது அந்த மெஷினோட எண்ணுக்குச் சரியா இருக்கணும், ஒரு லேசருக்கான கண்ணாடி இன்னொண்ணைத் தடுக்காம போகலாம், பாவம் அந்தப் பொண்ணுக்கும் இதெல்லாம் யாரும் சொல்லிக் கொடுத்திருக்க மாட்டாங்க.

டாக்டர்கிட்ட போகும்போது எந்த மெஷின், என்ன அலைநீளம், எவ்ளோ பவர்னு கிளினிக்ல கேட்டு எழுதிட்டுப் போங்க, தர மாட்டேன்னா அதுக்காகக் காத்திருக்காதீங்க. பாப்பாவை விரிச்சு ரெட்டினா பாக்கச் சொல்லுங்க, ரெட்டினாவை அடுக்கடுக்கா படம் எடுக்கற ஓசிடி ஸ்கேன் தேவையான்னும் கேளுங்க. எனக்கு அதுல ரெட்டினா நல்லா இருந்துச்சு, எழுத்தெல்லாம் கடைசி வரி வரைக்கும் படிக்கறேன். ஆனா பாப்பா இன்னும் வட்டமாகல, ராத்திரி எதிர்ல வண்டி வந்தா இடது கண்ணுல மட்டும் அந்த லைட்டு சிதறி ரோட்டையே மறைக்குது, அதனால இருட்டினப்பறம் நான் வண்டி எடுக்கறதில்ல.