பதில்: அப்பாவுக்கு 78 வயது, நுரையீரல் ஆபரேஷனைத் தாங்குவாரா?

அப்பாவின் நுரையீரலில் உள்ள கட்டி 2 செ.மீ.க்குள்தான், ஆனால் வயது 78 ஆகிறதே என்று பயப்படுகிறீர்கள். வயதை மட்டும் வைத்து ஆபரேஷன் வேண்டாம் என்று சொல்வதில்லை. மூச்சுத் திறன் பரிசோதனை, இதயம், அன்றாட நடமாட்டம் மூன்றையும் பார்ப்பார்கள். நிற்காமல் மூன்று மாடி ஏறுகிறாரா? அப்படியென்றால் அது நல்ல அறிகுறி.

வயதானவர்களுக்குச் சிக்கல்கள் கூடுதல்தான்: நிமோனியா, தாறுமாறான இதயத் துடிப்பு, அப்புறம் திடீர்க் குழப்பம். இந்தக் கடைசி விஷயத்தை எங்களிடம் யாருமே முன்கூட்டிச் சொல்லவில்லை. என் மாமனார் ஆபரேஷன் முடிந்த இரண்டாம் நாள் ராத்திரி ட்யூபைப் பிடுங்கப் பார்த்தார்! மூக்குக் கண்ணாடியும் காதுக் கருவியும் மாட்டிவிட்டு, பக்கத்திலேயே உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தோம், மெல்லத் தெளிந்தார்.

கட்டி ஓரமாக இருந்தால், மடல் (நுரையீரலின் பெரிய பிரிவு) முழுவதையும் எடுக்காமல் அதில் ஒரு பகுதியை மட்டும் எடுக்கலாமா என்று சர்ஜனிடம் கேளுங்கள். சிகரெட் பழக்கம் இருந்தால் இன்றே நிறுத்தச் சொல்லுங்கள்.