மேசன் வேலை பழகப் போகும் தம்பிக்கு வெயிலைப் பற்றியும் பயிற்சி தேவையா?

“தம்பி மட்டக்களப்பில் மேசன் வேலை பழகப் போகிறான், வெயில் தானாகப் பழகிவிடும் என்கிறார்கள், சரியா?” என்று கேட்டிருந்தீர்கள்.

பழகும். ஆனால் அதற்கு 7 முதல் 14 நாள் பிடிக்கும். ஆபத்து அந்த முதல் நாட்களில்தான். அமெரிக்காவில் தொழிலாளர் பாதுகாப்பை ஆராயும் நயோஷ் (NIOSH) நிறுவனம் சொல்லும் கணக்கு எளிது: புதியவருக்கு முதல் நாள் வெயிலில் 20 வீத வேலை, பிறகு நாளுக்கு 20 வீதமாகக் கூட்டுவது. நம்மூரில் நடப்பது தலைகீழ். புதுப் பொடியனிடம்தான் முதல் நாளே சீமெந்துப் பையைத் தூக்கக் கொடுப்பார்கள்! காய்ச்சலில் ஒரு கிழமை படுத்து எழும்பியவனும் புதியவன் மாதிரித்தான்.

வாவிக்கரை ஊர்களில் இன்னொரு சிக்கல். காற்றில் ஈரம் கூடினால் வியர்வை உலராது, வழியும். வியர்வை உலரும்போதுதான் உடம்பு குளிரும். வறண்ட கச்சான் காற்றடிக்கும் நாளில் நிலைமை வேறு: வியர்வை உடனே காய்ந்துவிடும், எவ்வளவு தண்ணீர் இழந்தோம் என்றே தெரியாது. ஆகவே தாகத்துக்குக் காத்திராமல் 15–20 நிமிடத்துக்கு ஒரு கோப்பை தண்ணீர். மணிக்கு 1.4 லீற்றருக்கு மேல் வேண்டாம்.

கட்டாயம் படிக்க வேண்டியது ஒன்று. கூட வேலை செய்பவன் உளறினாலோ தடுமாறினாலோ அது களைப்பு அல்ல, வெப்பத் தாக்கு. வியர்த்துக்கொண்டிருந்தாலும் நம்பாதீர்கள். நிழலுக்கு இழுத்து, உடுப்போடு தண்ணீர் ஊற்றி, விசிறிக்கொண்டே 1990 அம்புலன்ஸ் எண்ணுக்கு அழையுங்கள். மயங்கியவன் வாயில் இளநீர் ஊற்றக்கூடாது.