ஆற்றோர மனையும் தரகரின் நூறு வருடக் கணக்கும்

கேள்வி: சென்னையை ஒட்டிய முடிச்சூரில் அடையாற்றுக்குப் பக்கத்தில் 1,200 சதுர அடி மனை பார்த்திருக்கிறோம். 2015 வெள்ளம் நூறு வருடத்துக்கு ஒருமுறை வருவது, அதுவும் செம்பரம்பாக்கம் ஏரியைத் திறந்ததால் வந்தது, இனி பயமில்லை என்கிறார் தரகர். சி.எம்.டி.ஏ. (சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம்) அப்ரூவலும் இருக்கிறது. வாங்கலாமா?

பதில்: முதலில் செம்பரம்பாக்கம். அந்த ஏரியின் உபரி நீர் அடையாற்றில் சேருவது திருநீர்மலைப் பக்கம். முடிச்சூர் அதற்கு மேலே இருக்கிறது. உங்கள் மனைக்கு வரும் தண்ணீர் ஆதனூர், மண்ணிவாக்கம் ஏரிகள் நிரம்பி வழிவது. ஷட்டரை யார் எப்படித் திறந்தாலும் அது வரும்.

'நூறாண்டு வெள்ளம்' என்ற பெயரைத் தரகர் கையில் கொடுத்தது வெள்ளத்துக்குக் கணக்குப் போடும் எங்கள் துறைதான். அதற்கு அர்த்தம், ஒவ்வொரு வருடமும் நூற்றில் ஒரு வாய்ப்பு என்பது மட்டுமே. போன வருடம் வந்ததால் இந்த வருடம் விட்டுவிடாது. 20 வருட வீட்டுக் கடன் முடிவதற்குள் ஒருமுறையாவது வர 18 சதவீத வாய்ப்பு. இதுவும் பழைய மழையை வைத்துப் போட்ட கணக்கு. காற்று 1 டிகிரி சூடானால் ஏறக்குறைய 7 சதவீதம் கூடுதலாக ஈரம் பிடித்துக்கொள்ளும்; கொட்டும்போது அதையும் சேர்த்துத்தான் கொட்டும். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. பெய்தது. அதற்குக் கணக்குப் போட்டு எந்த ஊரில் வடிகால் கட்டியிருக்கிறார்கள்?

உலகத்தில் எல்லா ஆறும் பெருக்கெடுக்கிறது என்று நான் சொல்லவில்லை. வடமேற்கு ஐரோப்பாவில் வெள்ளம் கூடியிருக்கிறது. தெற்கு ஐரோப்பாவில் பல ஆறுகளில் குறைந்திருக்கிறது. அங்கே மண் காய்ந்துகிடப்பதால் மழையை முதலில் மண் குடித்துவிடுகிறது. இதை எங்காவது படித்துவிட்டு உங்கள் தரகர் வந்து நிற்பார், பாருங்கள். குடிக்க மண் வேண்டுமே! அடையாறு சின்ன ஆறு, கரையெல்லாம் சிமெண்ட். பெய்த மழை சில மணி நேரத்தில் ஆற்றில் இருக்கும்.

அப்ரூவல் என்றால் மனைப் பிரிவு சட்டப்படி போடப்பட்டது என்று பொருள்; தண்ணீர் வராது என்ற உத்தரவாதம் இல்லை. வில்லங்கச் சான்றில் அடமானம் தெரியும். 2015-இல் எத்தனை அடி தண்ணீர் நின்றது என்று தெரியாது. மனைக்குத் தந்தை பெயர், தாத்தா பெயர் எல்லாம் கேட்கிற பத்திரத்தில் இதற்கு ஒரு வரி சேர்க்க இத்தனை வருடத்தில் ஒருவருக்கும் மனசு வரவில்லை.

நாலடி மண் கொட்டி மேடாக்கிய மனையைக் காட்டி 'இங்கே ஏறாது' என்பார்கள். இதில் மட்டும் தரகர் சொல்வது சில சமயம் உண்மை. ஆனால் மேடு நிஜமா என்று தெருவை வைத்துப் பார்க்காதீர்கள். நம்மூரில் பழைய தாரைச் சுரண்டாமல் மேலே மேலே ரோடு போடுவார்கள். பத்து வருடத்தில் உங்கள் வாசற்படி தெருவுக்குக் கீழே போய்விடும். பக்கத்து வீட்டுச் சுவரில் 2015 கறை எவ்வளவு உயரத்தில் இருக்கிறது, அதற்கு மேல் உங்கள் வீட்டுத் தளம் வருமா என்று டேப் வைத்து அளங்கள். வந்தாலும் தெரு மூழ்கும், வண்டியும் பாட்டியும் மாடியில்தான்.

புதுப் பெயிண்டில் கறை மறைந்திருந்தால் இஸ்திரிக் கடைக்காரரைக் கேளுங்கள். கார்த்திகை முடிகிறவரை அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். நல்ல மழை நாளாகப் பார்த்து, மனையைக் காட்டத் தரகரையே கூப்பிடுங்கள்.